20 யூனிட் போட்டும் இறங்காத சர்க்கரை

என் நாய் செம்பியின் சர்க்கரைக் கணக்கு எழுதிய நோட்டு இன்னும் என் மேசை மேல்தான் கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை. முதல் பக்கத்தில் காலை 5 யூனிட், மாலை 5 யூனிட் என்று திருத்தமான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினால் 7, 10, 13, 16. கடைசியில் 20. கையெழுத்தும் பக்கத்துக்குப் பக்கம் கோணிக்கொண்டே போகிறது. எதிர்ப்பத்தியில் இரத்தச் சர்க்கரை: 412, 438, 396, 451. நாலே வாரத்தில் இன்சுலின் நாலு மடங்கு ஆகிவிட்டது. சர்க்கரை மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வந்து நிற்கிறது. மருந்து போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேனே, மருந்தை ஏதோ ஒன்று எதிர்த்துத் தள்ளுகிறது என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

செம்பிக்கு அப்போது எட்டு வயது, எடை 16 கிலோ. செம்பு நிறம் என்பதால் அந்தப் பெயர். திடீரென்று தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்ய ஆரம்பித்தாள். நிரப்பி வைத்தால் அரை மணி நேரத்தில் மறுபடியும் காலி. எட்டு வருஷத்தில் ஒரு நாளும் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காதவள், ராத்திரியில் கதவருகே நனைத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நிற்பாள். நன்றாகச் சாப்பிட்டாள், ஆனால் விலா எலும்பு தெரிந்தது. நாய் வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இரத்தத்திலும் சர்க்கரை, சிறுநீரிலும் சர்க்கரை. அன்றைக்கே இன்சுலின் ஆரம்பித்தோம்.

முதல் வாரம் எனக்கு நம்பிக்கையாகத்தான் இருந்தது. நாய்களுக்குப் பெரும்பாலும் வருவது கணையத்தின் பீட்டா செல்கள் அழிந்து இன்சுலின் வற்றிப்போகிற வகை. இல்லாததைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். போதாததற்கு, பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் 51 அமினோ அமிலங்களிலும் அச்சு அசல் ஒன்று. மனித இன்சுலின்கூட நாயுடையதிலிருந்து ஓர் இடத்தில் வேறுபடும். பன்றியுடையது அப்படியே பொருந்தும். இதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியுமா? சிவப்பு மூடி போட்ட யூ-40 சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, தோள்பட்டைக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, ஊசியைச் செருகி, தள்ளி, எடுக்கப் பத்து வினாடி போதும். அவள் சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

ஐந்து நாளைக்கு ஒரு முறை அளவுகளைச் சொல்லப் போன் செய்வேன். "இன்னும் ரெண்டு மூணு யூனிட் கூட்டுங்க" என்பார் முதலில் பார்த்த டாக்டர். கூட்டுவேன். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேள்வி கேட்காமல் கூட்டியது என் கைதான். ஆனால் அந்த நாலு வாரத்தில் யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு நாயைத் தலையிலிருந்து வால்வரை பார்த்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எதிர்ப்பக்கம் தள்ளுகிறவர்கள்

அந்த நாட்களில் தூக்கம் வராமல் நிறையப் படித்தேன். இன்சுலின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1889-ல் மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்ற இரண்டு மருத்துவர்கள் கணையத்தை எடுத்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. 1921 கோடையில் டொரண்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் கணையச் சாற்றை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அந்த நாய்களில் மார்ஜரி என்று பெயர் வைக்கப்பட்ட ஒன்று, கணையம் இல்லாமல் சாற்றை நம்பியே சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த மருந்து போனது. இதைப் படித்துக்கொண்டிருந்தபோது செம்பி என் காலடியில் படுத்திருந்தாள். இன்சுலினுக்காக முதலில் உயிரைக் கொடுத்தது அவள் இனம். அவளுக்கு அது வேலை செய்யவில்லை என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

டொரண்டோவோடு கதை முடிந்துவிட்டதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அதற்கு அடுத்த அத்தியாயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1930-ல் புவனோஸ் ஐரிஸில் பெர்னார்டோ ஹூசே என்ற உடலியங்கியலாளர், பியாசோட்டி என்ற சகாவோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். நாயின் கணையத்தை எடுத்தார். கூடவே மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியையும் எடுத்தார். கணையம் மட்டும் போன நாய் சீக்கிரமே சர்க்கரை ஏறிச் செத்துப்போகும். இரண்டும் போன நாய்க்கோ சர்க்கரை நோய் மிகவும் லேசாக இருந்தது. கூடுதல் நாள் வாழ்ந்தது. இன்சுலின் ஒரு துளிகூட வெளியிலிருந்து கொடுக்கவில்லை. சர்க்கரையை ஏற்றுகிற கையை எடுத்துவிட்டதே போதுமாக இருந்தது. 1947-ல் ஹூசேவுக்கு இதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

ஹூசேயின் அந்தச் சோதனைக்கு ஏழு வருஷம் கழித்து, 1937-ல், இங்கிலாந்தில் ஃபிராங்க் யங் என்ற ஆய்வாளர் இதையே தலைகீழாகச் செய்து காட்டினார். கணையம் நன்றாக இருக்கிற நாய்களுக்குப் பிட்யூட்டரியின் முன்பகுதிச் சாற்றை நாள் தவறாமல் செலுத்தினார். சர்க்கரை ஏறியது. ஊசியை நிறுத்திய பிறகும் சில நாய்களுக்கு இறங்கவே இல்லை. பீட்டா செல்கள் ஓயாமல் உழைத்து உழைத்தே அழிந்துவிட்டன. அந்தச் சாற்றில் முக்கியமாக வேலை செய்தது வளர்ச்சி ஹார்மோன்தான் என்று பின்னால் தெரிந்தது.

அப்படியானால் இன்சுலின் தனியாள். அது ஒரு பக்கம் சர்க்கரையை இறக்கும். எதிர்ப்பக்கத்தில் குளுக்ககான், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன், அட்ரினலின் என்று ஹார்மோன்களின் ஒரு கூட்டமே நின்று ஏற்றும். பட்டினியிலும் ஆபத்திலும் மூளைக்குச் சர்க்கரை கிடைக்க வேண்டும் என்பதற்காக உடம்பு செய்து வைத்த ஏற்பாடு இது. நான் நாலு வாரமாக இந்தப் பக்கத்தில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் இழுக்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதெல்லாம் புரிந்த பிறகும், என் வீட்டு நாய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. படித்ததைப் பழைய விஞ்ஞானமாகப் படித்தேன், அவ்வளவுதான்.

கழுத்துப் பட்டை

20 யூனிட் போட்ட அன்றும் 451 வந்ததும் பயந்துபோய் வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். 16 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு 20 யூனிட் என்றால் கிலோவுக்கு ஒன்றேகால் யூனிட். வழக்கமாகக் கால் யூனிட்டிலிருந்து அரை யூனிட்டுக்குள்தான் ஆரம்பிப்பார்கள். கிலோவுக்கு ஒரு யூனிட்டைத் தாண்டியும் சர்க்கரை கட்டுப்படவில்லை என்றால் இன்சுலினை உடம்பு ஏற்கவிடாமல் ஏதோ தடுக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் அந்த டாக்டர்தான், ஆனால் உடனே சொல்லவில்லை.

நோட்டை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நேராகத் தரையில் செம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதலில் மருந்துக் குப்பியைக் கேட்டார். எந்தச் சிரிஞ்சு, எப்படிக் கலக்குகிறேன், எங்கே வைக்கிறேன் என்று விசாரித்தார். பையிலிருந்து எடுத்துச் செய்து காட்டினேன். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு செம்பியின் உதட்டைத் தூக்கி முன்பற்களைப் பார்த்தார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் நகத்தை வைத்துப் பார்த்தார். தாடையைத் தடவினார். கழுத்துத் தோலைப் பிடித்தார், அது ஒரு தடித்த மடிப்பாகக் கைக்குள் வந்தது. அப்போதுதான் பட்டையைப் பார்த்தார்.

"இந்தப் பட்டையை எப்ப மாத்துனீங்க?"

மாற்றவில்லை, ஒரு ஓட்டை தளர்த்தினேன், பிறகு இன்னொரு ஓட்டை என்றேன். தோல் பட்டை அது. பழைய ஓட்டை இருந்த இடத்தில் கொக்கி அழுத்தி அழுத்திக் கறுத்த வரி விழுந்திருந்தது. அதற்கு அப்பால் இரண்டு ஓட்டை தள்ளிக் கொக்கி நின்றது.

"விலா எலும்பு எண்ணுற மாதிரி இருக்கு. உடம்பு இளைச்சிக்கிட்டே போகுது. கழுத்து மட்டும் எப்படிங்க பெருக்கும்?"

எனக்குப் பதில் இல்லை. தினமும் அந்தப் பட்டையைக் கழற்றி மாட்டுகிறவன் நான். இரண்டு ஓட்டை தளர்த்தியதும் என் விரல்கள்தான். சதை போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே எடை குறைகிறது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரே நாயிடம் ஒரே நேரத்தில் நடக்க முடியாது என்று அந்த நிமிஷம்வரை உறைக்கவில்லை.

"தூங்கும்போது குறட்டை விடுதா?"

"கொஞ்ச நாளா பெரிசாவே விடுறா டாக்டர். வயசாயிடுச்சேன்னு..."

"கருத்தடை ஆபரேஷன் பண்ணலையே?"

"இல்ல."

"கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்துச்சு?"

விரல் விட்டு எண்ணினேன். ஹீட், அதாவது இணைசேரும் பருவம், நின்று இரண்டு வாரத்தில்தான் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தாள். அதைச் சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. ஏன் என்று தெரியாது, ஆனால் விடை அங்கேதான் இருக்கிறது என்று புரிந்துவிட்டது. நாலு வாரமாக நான் தினமும் இரண்டு வேளை எழுதிய நோட்டில் அந்தத் தேதி எங்கேயும் இல்லை.

பால் சுரப்பியிலிருந்து வந்த ஹார்மோன்

பெண் நாய்க்கு ஓர் இயல்பு உண்டு. ஹீட் முடிந்த பிறகு, சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் உயர்ந்தே இருக்கும். கருவைச் சுமக்கிற ஹார்மோன் அது. கரு இல்லாவிட்டாலும் அந்த ஏற்பாடு நடந்துகொண்டே இருக்கும். இந்தப் புரோஜெஸ்டிரோன், நாயின் பால் சுரப்பித் திசுவைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. பிட்யூட்டரியில் மட்டுமே சுரக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்த ஹார்மோன் பால் சுரப்பியிலிருந்தும் வருகிறது என்று 1994-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிட்யூட்டரிக்கு இதில் வேலையே இல்லை. அதனால் "போதும், நிறுத்து" என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் இது கொஞ்சம் கொஞ்சமாக நடந்திருக்கும். இளமையில் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். வயதாக ஆக அதற்குத் தெம்பு குறையும். ஒரு ஹீட்டில் தாக்குப்பிடிக்க முடியாமல் போய்விடும். கழுத்துத் தோல் தடித்தது, பற்கள் விலகியது, தொண்டைச் சதை பெருத்துக் குறட்டை வந்தது எல்லாம் அந்த வளர்ச்சி ஹார்மோனின் கைவரிசை. 1937-ல் யங் தன் நாய்களுக்கு ஊசி வழியாகச் செய்ததை, செம்பியின் உடம்பு அவளுக்குள்ளேயே செய்துகொண்டிருந்தது. பழைய விஞ்ஞானம் என்று நான் படித்துத் தள்ளியது என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"இன்சுலினைக் கொடுக்கிறதும் ஹார்மோன் வைத்தியம்தான். இதுக்கு அது பாதி. மீதிப் பாதி, எதிர்த்துத் தள்ளுற ஹார்மோனை எடுக்கிறது" என்றார் டாக்டர். சினைப்பைகளை எடுத்துவிட்டால் புரோஜெஸ்டிரோன் சில நாளில் இறங்கிவிடும். அதோடு வளர்ச்சி ஹார்மோனும் இறங்கும். பீட்டா செல்கள் இன்னும் மிச்சம் இருந்தால் இன்சுலினே தேவைப்படாமல் போகிற நாய்களும் உண்டு. நாள் கடந்திருந்தால், உயர்ந்த சர்க்கரையே அந்தச் செல்களைக் கொன்றிருக்கும். அப்போது ஆயுள் முழுக்க ஊசிதான், ஆனால் அளவு குறையும். செம்பி எந்தப் பக்கம் என்று ஆபரேஷன் செய்தால்தான் தெரியும். சும்மா விட்டாலும் ஹார்மோன் தானாக இறங்கத்தான் செய்யும். ஆனால் அடுத்த ஹீட்டில் இதே கதை, இன்னும் மோசமாக.

இரண்டு வயதிலேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்று அக்கா சொன்னபோது, நன்றாக இருக்கிற உயிரை எதற்கு அறுக்க வேண்டும் என்று மறுத்தவன் நான். எல்லாப் பெண் நாய்க்கும் இப்படி வராது என்பது உண்மை. ஆனால் வந்துவிட்ட பிறகு தள்ளிப்போட முடியாது. சர்க்கரை 400-க்கு மேல் நிற்கிற நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பது சின்ன விஷயமில்லை. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. காலையில் வெறும் வயிற்றில் பாதி அளவு இன்சுலின், ஆபரேஷன் நடுவே அடிக்கடி சர்க்கரைப் பரிசோதனை, முடிந்ததும் கொஞ்சம் சாப்பாடு என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி

ஆபரேஷனுக்குப் பிறகு 20-ஐ ஒரேயடியாக 10 ஆக்கச் சொன்னார் டாக்டர். எனக்குப் பயம். 20-க்கே இறங்காதது 10-க்கு எப்படி இறங்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. முதல் நாள் 340. இரண்டாம் நாள் 232. நாலு வாரத்தில் நான் பார்க்காத எண் அது. மூன்றாம் நாள் மாலை வழக்கம்போல 10 யூனிட் போட்டேன். ராத்திரி பத்தரை மணிக்கு அவள் எழுந்து நின்றாள், பின்னங்கால் பின்னியது. கண்ணில் என்னைத் தெரிந்த மாதிரியே இல்லை. காது மடலின் உள்பக்கம் குத்தி ஒரு பொட்டு இரத்தம் எடுத்தேன். மீட்டர் ஐந்து வினாடி எண்ணிவிட்டு 54 என்று காட்டியது.

தேனை விரலில் எடுத்து ஈறில் தேய்த்தேன். விழுங்கச் சொல்லி வாயில் ஊற்றவில்லை. அரை மயக்கத்தில் இருக்கிற நாய்க்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். தேய்த்தேன், காத்திருந்தேன், மறுபடி தேய்த்தேன். கால் மணி நேரத்தில் நக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் சாப்பாடு வைத்ததும் சாப்பிட்டாள். டாக்டருக்குப் போன் செய்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர் எண்ணைக் கேட்டதும் தெளிந்துவிட்டார். நாளைக் காலை ஊசி வேண்டாம், சர்க்கரை பார்த்துச் சொல்லுங்கள், அதன் பிறகு 6 என்றார்.

சமையலறைத் தரையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பயந்துபோய்த்தான் இருந்தேன். ஆனாலும் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. 20 யூனிட்டுக்கு அசையாத சர்க்கரை 10 யூனிட்டில் பாதாளத்துக்குப் போய்விட்டது. மருந்து அதே மருந்து, குப்பி அதே குப்பி. எதிர்ப்பக்கம் இழுத்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். கயிறு இழுக்கும்போது எதிராளி திடீரென்று விட்டால் நாம் மல்லாந்து விழுவோமே, அந்த மாதிரித்தான் அவள் விழுந்தாள். இன்சுலினுக்கு இருக்கும் எதிர்ப்பைக் குறைக்கிற எந்தச் சிகிச்சையிலும் இந்த ஆபத்து உண்டு. கார்டிசால் கூடிப்போகிற குஷிங் நோய் உள்ள நாய்க்கு டிரைலோஸ்டேன் மாத்திரை ஆரம்பித்தாலும், தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் ஆரம்பித்தாலும், இன்சுலின் தேவை குறையும். அளவைக் குறைக்காமல் பழையபடியே போட்டால் இப்படித்தான் ஆகும். உங்கள் நாய்க்கு இப்படி எதையாவது ஆரம்பித்தால், அடுத்த சில வாரத்துக்கு இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். தேனைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

இரண்டு போய் ஒன்று வந்தால்

செம்பிக்கு 6 யூனிட்டில் நின்றது. இன்சுலின் இல்லாமலே போய்விடும் நாய்களில் அவள் இல்லை. அவள் பீட்டா செல்கள் பெரும்பாலும் போய்விட்டன. அதன் பிறகுதான் இந்த விஷயம் என்னை இன்னும் ஆழமாகக் குடைய ஆரம்பித்தது. சினைப்பையை எடுத்து ஓர் எதிராளியை விரட்டியாயிற்று. மற்றவர்கள்? குறிப்பாகக் குளுக்ககான்?

ஆரோக்கியமான கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்லும் குளுக்ககான் சுரக்கிற ஆல்பா செல்லும் அக்கம்பக்கத்து வீடு. பீட்டா செல் ஊற்றுகிற இன்சுலின் முதலில் நனைப்பது பக்கத்து வீட்டு ஆல்பா செல்லைத்தான். அது வாயை மூடிக்கொள்ளும். பீட்டா செல் போய்விட்டால் ஆல்பா செல்லைக் கேட்பாரில்லை. நாம் தோலுக்கடியில் போடுகிற இன்சுலின் உடம்பெல்லாம் சுற்றி நீர்த்துப்போய் அங்கே சேரும்போது பழைய அதட்டல் அதில் இருக்காது. அதனால் சாப்பிட்டு முடித்த நேரத்திலும் குளுக்ககான் கல்லீரலிடம் "சர்க்கரையை விடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். டல்லாஸைச் சேர்ந்த ஆய்வாளர் ரோஜர் அங்கர் ஆயுள் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: சர்க்கரை நோய் ஒரு ஹார்மோனின் குறை மட்டும் இல்லை, இன்சுலின் குறைவும் குளுக்ககான் மிகுதியும் சேர்ந்த இரட்டைக் கோளாறு. 1975-ல் அவருடைய குழு, கணையம் எடுத்த நாய்களிலும் குளுக்ககான் இருப்பதையும், சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோனைச் செலுத்தி அதை அடக்கினால் சர்க்கரையும் இறங்குவதையும் காட்டியது. கணையமே இல்லாத நாய்க்குக் குளுக்ககான் எங்கிருந்து வந்தது? இரைப்பையிலிருந்து. நாயின் இரைப்பைச் சுவரிலும் ஆல்பா செல்கள் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. பீட்டா செல் இன்சுலினோடு சேர்த்து அமைலின் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. இரைப்பை நிதானமாகக் காலியாவதற்கும் சாப்பாட்டுக்குப் பின் குளுக்ககான் அடங்குவதற்கும் அது வேண்டும். பீட்டா செல் அழிந்தால் இரண்டு ஹார்மோன் போகிறது. நாம் ஒன்றைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். மனிதர்களுக்கு அமைலினைப் போலச் செய்த பிராம்லின்டைடு மருந்தை இன்சுலினோடு சேர்த்துப் போட 2005-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. ஜி.எல்.பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போலச் செய்த மருந்துகளும் குளுக்ககானை அடக்கும், இரைப்பையை நிதானப்படுத்தும். கொழுப்புத் திசுவில் சுரக்கிற லெப்டின், இன்சுலினே இல்லாத எலிகளின் சர்க்கரையைக்கூட இறக்கியது. 2010-ல் குறைந்த அளவு இன்சுலினோடு லெப்டினைச் சேர்த்துச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ஏற்ற இறக்கம் குறைந்த, நிதானமான கட்டுப்பாடு கிடைத்தது. மனிதர்களில் லெப்டின் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை.

ஆர்வத்தில் இதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு அவர் சொன்ன ஒரு விஷயம் என் உற்சாகத்தை நிதானத்துக்குக் கொண்டுவந்தது. "இதுல பல மருந்து பசியைக் குறைக்கும், சிலதுக்கு வாந்தி வரும். மனுஷங்களுக்கு அது லாபம். நமக்கு? செம்பிக்கு ஊசி போடணும்னா முதல்ல அவ சாப்பிடணும். ஊசி போட்ட நாய் சாப்பாட்டை வாந்தி எடுத்தா என்ன ஆகும், நீங்களே பாத்தீங்களே." மூன்றாம் நாள் ராத்திரி ஞாபகம் வந்தது. மனிதனுக்கு "இன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஊசியைக் குறைக்கிறேன்" என்று முடிவெடுக்கத் தெரியும். தலை சுற்றுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியும். செம்பியால் முடியாது. இரண்டு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுக்கிற வைத்தியம் நாய்க்கு வர வேண்டும் என்றுதான் நான் மனதார விரும்புகிறேன். ஆனால் மனிதனுக்கு வந்ததை அப்படியே அளவைச் சுருக்கி நாய்க்குப் போட முடியாது. நாயின் வயிற்றுக்கும் நாயின் நாளுக்கும் தகுந்தபடி அது செய்யப்பட வேண்டும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. பார்சிலோனாவில் ஃபாத்திமா பொஷ்ஷின் ஆய்வுக் குழு, சர்க்கரை நோய் வரவழைக்கப்பட்ட நாய்களின் தசையில் ஒரே ஒரு முறை மரபணு மருந்து செலுத்தி, முடிவை 2013-ல் வெளியிட்டது. அதில் இரண்டு மரபணுக்கள்: ஒன்று இன்சுலினுக்கு, இன்னொன்று தசை சர்க்கரையை உள்ளிழுக்க உதவும் குளுக்கோகைனேஸ் என்ற நொதிக்கு. நாலு வருஷத்துக்கு மேல் அந்த நாய்களின் சர்க்கரை ஊசியில்லாமலே கட்டுக்குள் இருந்தது. இன்சுலின் மரபணு மட்டும் போட்ட நாய்க்கும், குளுக்கோகைனேஸ் மட்டும் போட்ட நாய்க்கும் அது கிட்டவில்லை. குளுக்கோகைனேஸ் ஹார்மோன் இல்லைதான். ஆனாலும் இரண்டும் சேர்ந்தபோது கிடைத்தது தனித்தனியாகக் கிடைக்கவில்லை என்ற அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கண்

அந்த நாலு வாரத்துக்கு ஒரு விலை கொடுத்தோம். நாயின் கண்வில்லைக்குள் சர்க்கரை கூடினால் அது சார்பிட்டாலாக மாறும். சார்பிட்டால் வெளியே போகாமல் தண்ணீரை உள்ளிழுக்கும், வில்லை வெளுத்துவிடும். சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றரை வருஷத்துக்குள் கண்புரை வருகிறது, நன்றாகக் கவனித்துக்கொண்டாலும்கூட. அதனால் அந்த நாலு வாரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். என்னைத் தேற்றத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மாதம் அவள் கண்மணிக்குள் பால் கலந்த மாதிரி ஒரு வெண்மை தெரிந்தது. இப்போது இரண்டு கண்ணும் அப்படித்தான். கதவு நிலையில் ஒரு முறை இடித்துக்கொண்டாள். அதன் பிறகு மூக்கால் நிலையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். கண் ஆபரேஷனுக்குச் சர்க்கரை சில மாதம் சீராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். காத்திருக்கிறோம்.

பட்டை பழைய ஓட்டைக்குத் திரும்பவில்லை. ஒரு ஓட்டை உள்ளே வந்திருக்கிறது. குறட்டை நின்றுவிட்டது.

இரண்டு வாரமாக 6 யூனிட்டுக்கு 160, 180 என்று இருந்தது, போன வாரம் 260 ஆனது. முந்தாநாள் 290. ஒரு யூனிட் கூட்டலாமே என்று சிரிஞ்சை எடுத்த கை அப்படியே நின்றது. நோட்டில் கடந்த பத்து நாளைப் புரட்டினேன். இப்போதெல்லாம் ஊசிக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, வேறு எது கண்ணில் பட்டாலும் எழுதி வைக்கிறேன். நாலு நாள் முன்னால், "அடிக்கடி உட்காருகிறாள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறாள்" என்று இருந்தது. சர்க்கரை நோய் உள்ள நாய்க்குச் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும், தொற்று வந்தால் கார்டிசால் ஏறும், இன்சுலின் பலிக்காது. இன்று விடியற்காலையில் நீளக் காம்பு வைத்த கரண்டியோடு அவள் பின்னாலேயே நடந்தேன். அவள் உட்கார்ந்ததும் மெல்ல நீட்டிப் பிடித்தேன். திரும்பி என் பக்கம் மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள். குப்பியில் ஊற்றி, மூடி, நேரத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்பது மணிக்கு டாக்டர் வருவார். அதுவரை 6 யூனிட்தான்.